சர்வோ டிரைவை முதல்முறை ஓட்டுவது எப்படி: ஒரு எலாஸ்டிக் கட்டிங் மெஷினை வைத்து முழு வழிகாட்டி

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கத்துச் சின்ன மெஷின் பட்டறைகளில் சர்வோ, அதாவது மோட்டார் எங்கே நிற்கிறது என்று அளந்துகொண்டே சொன்ன இடத்தில் நிறுத்தும் ஏற்பாடு, இப்போது சாதாரணமாகிவிட்டது. லேபிள் கட்டிங், எலாஸ்டிக் கட்டிங், பிரின்டிங் டேபிள் என்று முன்பு கிளட்ச்-பிரேக்கும் ஸ்டெப்பர் மோட்டாரும் செய்துவந்த வேலைகளுக்கு இன்று பிரஷ்லெஸ் மோட்டாரும் அதை ஓட்டும் மின்னணுப் பெட்டியான டிஜிட்டல் சர்வோ டிரைவும் வாங்கி மாட்டுகிறார்கள். பொருள் நல்லது. ஆனால் மாட்டுகிற கை, பெரும்பாலும் பம்ப் மோட்டாரிலும் தறி மோட்டாரிலும் பழகிய கை.

அது இந்த மண்ணின் பலம். 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். அன்றிலிருந்து காயில் கட்டுவதும் பேரிங் மாற்றுவதும் கொங்கு நாட்டில் தெருவுக்குத் தெரு தெரிந்த வேலை. ஆனால் இன்டக்ஷன் மோட்டாரில் சரியாக இருக்கிற சில பழக்கங்கள் சர்வோவில் டிரைவையோ என்கோடரையோ (ஷாஃப்ட் நிற்கும் இடத்தை அளக்கும் சென்சார்) காலி செய்துவிடும். அப்படிப்பட்ட இடம் வரும்போதெல்லாம் தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

உதாரணத்துக்கு ஒரே மெஷினை எடுத்துக்கொள்வோம். ஜட்டி இடுப்புக்குப் போடும் எலாஸ்டிக்கை ஒரு ரோல் இழுக்கிறது, நிற்கிறது, பிளேடு வெட்டுகிறது. ஒரு துண்டு 600 மி.மீ. இழுக்கும் நேரம் அரை விநாடி. ரோல் விட்டம் 60 மி.மீ., நீளம் 300 மி.மீ., கெட்டி இரும்பு. மோட்டாருக்கும் ரோலுக்கும் நடுவே 1:3 டைமிங் பெல்ட்.

டிரைவுக்குள் என்ன நடக்கிறது

சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட் உள்ளே போனதும் ரெக்டிஃபயர் அதை டிசி ஆக்குகிறது. கப்பாசிட்டரில் நிற்பது சுமார் 325 வோல்ட். இதுதான் டிசி பஸ். அதிலிருந்து 6 பவர் சுவிட்சுகள் விநாடிக்கு 8,000 முதல் 16,000 தடவை திறந்து மூடி, மோட்டாரின் மூன்று காயில்களுக்கும் வேண்டிய கரண்டைச் செதுக்கிக் கொடுக்கின்றன.

பிரஷ்லெஸ் மோட்டாரில் காந்தம் ரோட்டரில் இருக்கிறது, காயில் வெளியே இருக்கிறது. பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் செய்த வேலையை, அதாவது எந்த நேரத்தில் எந்தக் காயிலுக்குக் கரண்ட் போக வேண்டும் என்று முடிவு செய்வதை, டிரைவுக்குள் இருக்கும் பிராசசர் செய்கிறது. அதற்கு ரோட்டர் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு நொடித்துளியும் தெரிய வேண்டும். அதைச் சொல்வது என்கோடர். தெரிந்தவுடன், மூன்று ஃபேஸ் கரண்டையும் டிரைவ் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது: காந்தப் புலத்தின் திசையில் ஒன்று, அதற்குச் செங்குத்தாக இன்னொன்று. செங்குத்தான பங்குதான் டார்க், அதாவது சுழற்றும் விசை, தருகிறது. முதல் பங்கைப் பூஜ்ஜியத்தில் பிடித்து இரண்டாவதை மட்டும் கூட்டிக் குறைத்தால் ஒவ்வொரு ஆம்பியரும் டார்க்காக மாறும்.

இதன்மேல் அளந்து திருத்தும் மூன்று லூப்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. நடுவில் கரண்ட் லூப், அதைச் சுற்றி வேக லூப், வெளியே பொசிஷன் லூப். வெளியே இருப்பது உள்ளே இருப்பதற்குக் கட்டளை போடுகிறது. உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு வேகமாக இருந்தால்தான் இந்த ஏற்பாடு நிற்கும். சர்வோவில் எதைச் செய்தாலும் உள்ளிருந்து வெளியே செய்ய வேண்டும் என்பது இதனால்தான். பொசிஷன் சரியாக வரவில்லை என்று பொசிஷன் கெயினை (பிழையை லூப் எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்ற எண்) மட்டும் திருகிக்கொண்டிருப்பவர்கள் நாள் முழுக்கத் திருகுவார்கள்.

எவ்வளவு பெரிய மோட்டார்

600 மி.மீ. அரை விநாடியில் போக வேண்டும். ஏற்றம், ஓட்டம், இறக்கம் மூன்றுக்கும் சமநேரம் கொடுத்தால் உச்ச வேகம் விநாடிக்கு 1.8 மீட்டர். ரோலின் சுற்றளவு 188.5 மி.மீ. ஆகவே ரோல் நிமிடத்துக்குச் சுமார் 573 சுற்று, மோட்டார் 1,719 சுற்று. 3,000 சுற்று மோட்டாருக்கு இது வசதியான இடம்.

அடுத்தது இனர்ஷியா, அதாவது சுழற்சியை ஏற்றும்போதும் நிறுத்தும்போதும் ரோல் காட்டும் எதிர்ப்பு. ரோலின் எடை ஏறக்குறைய 6.7 கிலோ, இனர்ஷியா 0.003 கிலோ மீட்டர் ஸ்கொயர். பெல்ட் விகிதம் 3, அதன் வர்க்கம் 9 என்பதால் மோட்டாருக்குத் தெரிவது அதில் 9-இல் ஒரு பங்குதான், 0.00033. நிற்கும் நிலையிலிருந்து உச்ச வேகத்துக்கு 0.167 விநாடியில் ஏற, ரோட்டரையும் சேர்த்து அரை நியூட்டன் மீட்டருக்குப் பக்கம் டார்க் போதும். 400 வாட் மோட்டாரே 1.27 நியூட்டன் மீட்டர் தொடர்ந்து தரும். அப்படியானால் 400 வாட் போதுமே?

டார்க்குக்குப் போதும், கட்டுப்பாட்டுக்குப் போதாது. 400 வாட் மோட்டார்களின் ரோட்டர் இனர்ஷியா பல மாடல்களில் 0.00003 அருகே இருக்கும். லோடு அதைப்போல 11 மடங்கு. புல்லியும், எலாஸ்டிக்கை மேலிருந்து அழுத்தும் ரோலும் சேர்ந்தால் இன்னும் ஏறும். பெல்ட் கொஞ்சம் நீண்டு கொடுக்கிற மெஷினில் இந்த விகிதம் இருந்தால், கெயின் ஏற்றும்போதெல்லாம் கூவும். 750 வாட் மோட்டாரின் ரோட்டர் 0.0001 அல்லது அதற்குமேல் இருக்கும், விகிதம் 3 அருகே வந்துவிடும். நான் இந்த மெஷினுக்கு 750 வாட்தான் எடுப்பேன். பெல்ட் டிரைவில் விகிதம் 5-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் ட்யூனிங், அதாவது கெயின்களைச் சரியாக அமைக்கும் வேலை, பாதி முடிந்த மாதிரி. இன்னொரு வழி, ரோலைக் குழாயாகக் கடைந்து எடையைக் குறைப்பது. லேத் வேலை கையெட்டும் தூரத்தில் கிடைக்கும் ஊரில் இதை யோசிக்காமல் பெரிய மோட்டார் வாங்குவது வீண் செலவு.

கரண்ட் கொடுக்கும் முன்

டிரைவின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். 220 வோல்ட் ரகமா, 400 வோல்ட் ரகமா? நம் பட்டறைகளில் ஈபி த்ரீ ஃபேஸ் 415 வோல்ட். 220 வோல்ட் ரக டிரைவிலும் மூன்று ஃபேஸ் டெர்மினல் இருக்கும். டெர்மினல் இருக்கிறதே என்று 415-ஐ நேராகக் கொடுத்தால் டிசி பஸ் 587 வோல்ட்டுக்குப் போய் கப்பாசிட்டர் வெடிக்கும். மூன்று ஃபேஸ் கொடுக்க வேண்டுமானால் 415-இலிருந்து 220-க்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 750 வாட்டுக்கு ஃபேஸ்-நியூட்ரல் சிங்கிள் ஃபேஸே போதும்.

ஆனால் நியூட்ரலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மெயின் போர்டில் நியூட்ரல் லூஸாகிப் போனால், மூன்று ஃபேஸ்களின் லோடும் ஒன்றோடொன்று இழுத்துக்கொண்டு ஒரு ஃபேஸில் 300, 350 வோல்ட்கூட வரலாம். டியூப் லைட் போனால் போகட்டும், டிரைவ் போனால் வலிக்கும். பேனலில் ஓவர்வோல்டேஜ் கட்-ஆஃப் ரிலே ஒன்று போட்டுவிடுங்கள். டிரைவின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

மோட்டாரில் புல்லி மாட்டுவது அடுத்த இடம். பம்ப் மோட்டார் ஷாஃப்டில் புல்லியைச் சுத்தியல் வைத்துத் தட்டி ஏற்றுவது வழக்கம். சர்வோ மோட்டாரின் பின்பக்கத்தில் என்கோடர் உட்கார்ந்திருக்கிறது. பல மாடல்களில் அதன் டிஸ்க் கண்ணாடி. ஒரு தட்டு போதும். ஷாஃப்ட் முனையில் இருக்கும் மரையில் போல்ட் போட்டு வாஷர் வைத்து இழுத்து ஏற்றுங்கள், அல்லது கிளாம்ப் வகைப் புல்லி வாங்குங்கள். வெறும் கிரப் ஸ்க்ரூவை நம்பாதீர்கள். முன்னும் பின்னும் இழுக்கும் ஓட்டத்தில் அது சில வாரங்களில் நெகிழ்ந்துவிடும்.

இதோடு சேர்ந்தது: மோட்டாரைத் திறக்காதீர்கள். பேரிங் சத்தம் வருகிறது என்று ரீவைண்டிங் கடையில் கொடுத்து ரோட்டரை உருவி, என்கோடரைக் கழற்றி மறுபடி மாட்டினால், என்கோடரின் பூஜ்ஜியத்துக்கும் காந்தத்தின் துருவத்துக்கும் இருந்த பொருத்தம் போய்விடும். அந்தப் பொருத்தத்தை மறுபடி அமைக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

வயரிங்

மோட்டார் கேபிளுக்கு ஷீல்டு போட்ட கேபிள் வாங்குங்கள். ஷீல்டை முறுக்கிப் பன்றிவால் மாதிரி ஒரு லக்கில் போட்டு எர்த்தில் திருகுவது பரவலான பழக்கம். அதிக அலைவரிசை இரைச்சலுக்கு அந்தச் சின்ன வாலே பெரிய தடை. மேலுறையை 3 செ.மீ. உரித்து, ஷீல்டு முழுவதும் தொடும்படி உலோகக் கிளாம்ப் வைத்து, பெயின்ட் சுரண்டிய பேனல் தகட்டில் இறுக்குங்கள். என்கோடர் கேபிளும் மோட்டார் கேபிளும் ஒரே டக்டில் போகவே கூடாது. 20 செ.மீ. இடைவெளி விடுங்கள், குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும்.

எர்த்திங்கைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். பழைய தறிக் குடோன்களில் எர்த் கம்பி சுவரில் ஏறி, எங்கே போகிறது என்றே தெரியாமல் மறையும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் இருக்கலாம். அதற்குமேல் ஏறி இறங்கினால் முதலில் எர்த் குழியைச் சரிசெய்யுங்கள், பிறகு டிரைவைத் தொடலாம். டிரைவில் இரைச்சலை அடக்கும் இஎம்ஐ ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் எர்த்துக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். எர்த்துக்குக் கசியும் கரண்டைப் பார்த்து சப்ளையை அறுக்கும் பிரேக்கரான 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அடிக்கடி விழுவது பெரும்பாலும் இதனால்தான். அதற்காக எர்த்தைக் கழற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், ஆள் உயிர் சம்பந்தப்பட்டது. டிரைவ் கம்பெனி சொல்லும் ரக ஆர்சிசிபி-ஐப் போடுங்கள்.

மோட்டாருக்கும் டிரைவுக்கும் நடுவே காண்டாக்டர் வைத்து ஓட்டத்தில் துண்டிக்காதீர்கள். மெயின் காண்டாக்டரை ஸ்டார்ட்-ஸ்டாப் பட்டனாகவும் பயன்படுத்தாதீர்கள். ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் கப்பாசிட்டர் நிரம்ப ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகக் கரண்ட் பாய்கிறது, அடிக்கடி போட்டால் அது கருகிவிடும். ஓட்டவும் நிறுத்தவும் சர்வோ-ஆன் சிக்னல் இருக்கிறது. எமர்ஜென்சிக்கு டிரைவில் எஸ்டிஓ (சேஃப் டார்க் ஆஃப்) டெர்மினல் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், அது டார்க்கை நேராக அறுத்துவிடும்.

ஆஃப் செய்ததும் கை வைக்க வேண்டாம். கப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். 10 நிமிடம் விட்டு, டிசி பஸ் டெர்மினலில் மீட்டர் வைத்து, 50 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்.

பெல்ட் இல்லாமல் முதல் சுழற்சி

பெல்ட்டைக் கழற்றுங்கள். மோட்டாரைத் தளத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். டேபிள்மேல் சும்மா வைத்து ஓட்டினால் அது துள்ளி விழும்.

முதலில் கன்ட்ரோல் சப்ளை மட்டும். சர்வோ-ஆன் வேண்டாம். டிஸ்பிளேயில் என்கோடர் எண்ணைக் காட்டும் இடத்துக்குப் போய், ஷாஃப்டைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். 17 பிட் என்கோடரானால் 1,31,072 கூட வேண்டும். 2,500 கோடு போட்ட சாதாரண என்கோடரானால் நான்கு மடங்காகி 10,000. எதிர்த்திசையில் சுற்றினால் அதே அளவு இறங்க வேண்டும். இடையில் எண் தாவினாலோ ஒரு சுற்றுக்கு ஒரு கணக்கு, இன்னொரு சுற்றுக்கு வேறு கணக்கு என்று வந்தாலோ அங்கேயே நில்லுங்கள். கேபிள், கனெக்டர், ஷீல்டு மூன்றையும் பார்த்து முடிக்காமல் மேலே போவதில் பயனில்லை.

மோட்டாரும் டிரைவும் ஒரே கம்பெனி செட்டாக வந்திருந்தால் இந்தப் பத்தியையும் அடுத்த பத்தியையும் தாண்டிவிடலாம். வேறு கம்பெனி மோட்டாரை, அல்லது பழைய இறக்குமதி மெஷினில் கழற்றிய மோட்டாரை மாட்டுபவர்களுக்கு மட்டும் இது. ரோட்டர் காந்தத்தில் துருவ ஜோடி எத்தனை என்று டிரைவுக்குச் சொல்ல வேண்டும். பேட்ஜ் அழிந்துபோயிருந்தால் எளிய சோதனை உண்டு: மோட்டாரை டிரைவிலிருந்து பிரித்து, கரண்ட் வரம்பு வைத்த டிசி சப்ளையின் பிளஸ்ஸை யூ-விலும் மைனஸை வி-யிலும் கொடுங்கள். ரேட்டட் கரண்டில் கால் பங்கு போதும். ஷாஃப்டைக் கையால் சுற்றினால் சில இடங்களில் பிடித்து உட்காரும். ஒரு முழுச் சுற்றில் எத்தனை இடத்தில் உட்காருகிறதோ அத்தனை துருவ ஜோடி. தொழிற்சாலை சர்வோக்களில் 4 அல்லது 5 அதிகம் பார்க்கலாம்.

ஹால் சென்சார் (காந்தம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் மூன்று சின்ன சென்சார்கள்) இருக்கும் மோட்டாரானால் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே ஹால் எண்ணைப் பாருங்கள். 1, 3, 2, 6, 4, 5 என்ற வரிசையிலோ அதன் தலைகீழாகவோ வர வேண்டும். 0-வும் 7-ம் வரவே கூடாது. வந்தால் ஒரு ஹால் வயர் அறுந்திருக்கிறது அல்லது சப்ளை இல்லை.

இப்போது இன்டக்ஷன் மோட்டாரில் பழகிய கைக்கான முக்கியமான இடம். பம்ப் எதிர்த்திசையில் ஓடினால் இரண்டு ஃபேஸை மாற்றிப் போடுவோம், சரியாகிவிடும். சர்வோவில் யூ, வி, டபிள்யூ-வை ஒருபோதும் மாற்றக் கூடாது. மாற்றினால் மோட்டார் திசை மாறாது. என்கோடர் ஒரு திசை சொல்ல, காந்தப் புலம் எதிர்த்திசையில் ஓடும். ஒன்று வெடுக்கென்று இழுத்துப் பூட்டிக்கொண்டு ஓவர்லோடு காட்டும், அல்லது கட்டுப்பாடே இல்லாமல் உச்ச வேகத்துக்குப் பாயும். திசை மாற்ற வேண்டுமானால் அதற்கென்று டிரைவில் பாராமீட்டர் இருக்கிறது.

டார்க் வரம்பை 20 சதவீதத்துக்கு இறக்குங்கள். ஓவர்ஸ்பீட் வரம்பையும் இறக்குங்கள். ஜாக் மோடில் (பட்டனை அழுத்தும்வரை மட்டும் சுற்றும் முறை) நிமிடத்துக்கு 50 சுற்று கொடுங்கள். சர்வோ-ஆன் ஆனதும் ஷாஃப்ட் கெட்டியாகப் பிடிக்கும், ஜாக் அழுத்தினால் சத்தமில்லாமல் சீராகச் சுற்ற வேண்டும். வெறும் மோட்டார் இந்த வேகத்தில் ரேட்டட் கரண்டில் சில சதவீதத்துக்கு மேல் எடுத்தால் துருவ எண்ணிக்கையோ என்கோடர் பொருத்தமோ தப்பு.

நீளத்தைப் பல்ஸாக மாற்றுவது

பிஎல்சி (மெஷினின் வேலைகளை வரிசையாக நடத்தும் சின்னக் கம்ப்யூட்டர்) பல்ஸ் அனுப்பும், டிரைவ் ஓடும். ஒரு பல்ஸுக்கு எத்தனை மி.மீ. என்பதை நாம் தீர்மானிக்க வேண்டும். எல்லோரும் முதலில் கேட்பது 0.01 மி.மீ. ஆனால் நம் உச்ச வேகம் விநாடிக்கு 1,800 மி.மீ. அப்படியானால் விநாடிக்கு 1,80,000 பல்ஸ், அதாவது 180 கிலோஹெர்ட்ஸ். சின்ன பிஎல்சிகள் பலவற்றின் பல்ஸ் அவுட்புட் 100 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பிஎல்சி தன் வரம்பிலேயே ஓட்டும், ஓனர் டிரைவ் மெதுவாக இருக்கிறது என்று கூப்பிடுவார். 0.02 மி.மீ. வைத்தால் 90 கிலோஹெர்ட்ஸ். எலாஸ்டிக்குக்கு இதுவே தேவைக்கு மேல்.

மோட்டார் ஒரு சுற்று சுற்றினால் எலாஸ்டிக் 62.83 மி.மீ. போகும். 0.02 மி.மீ. கணக்கில் அது 3,141.6 பல்ஸ். எலக்ட்ரானிக் கியரில் (பிஎல்சி பல்ஸை என்கோடர் எண்ணாக மாற்றும் விகிதம்) மேலே 13,10,720, கீழே 31,416 என்று போடுங்கள். இரண்டையும் 10-ஆல் பெருக்கியது தசமம் போகத்தான். இது காகிதக் கணக்கு. ரப்பர் உறை, அழுத்தம், எலாஸ்டிக்கின் தடிமன் எல்லாம் சேர்ந்து உண்மையான விட்டத்தை மாற்றும். 10 துண்டு தொடர்ந்து இழுத்து மொத்த நீளத்தை அளந்து, கீழ் எண்ணை அந்த விகிதத்தில் திருத்துங்கள்.

பிஎல்சி 24 வோல்ட், டிரைவின் பல்ஸ் இன்புட் 5 வோல்ட் என்றால் நடுவே ரெசிஸ்டர் வேண்டும். பல டிரைவ்களில் அது 2 கிலோ ஓம், சிலவற்றில் உள்ளேயே இருக்கும். மேனுவலைப் பார்த்துவிட்டுப் போடுங்கள், உள்ளிருக்கும் ஆப்டோ (சிக்னலை ஒளியாகக் கடத்தும் சிப்) 24 வோல்ட்டை ஒரு நொடி தாங்காது.

ட்யூனிங்: உள்ளிருந்து வெளியே

பெல்ட்டை மாட்டி, டென்ஷனைச் சரியாக வையுங்கள்.

கரண்ட் லூப் ஒரே கம்பெனி செட்டில் ஏற்கனவே அமைந்திருக்கும். வேறு மோட்டாரானால் டிரைவின் ஆட்டோ அளவீடு காயிலின் ரெசிஸ்டன்ஸையும் இன்டக்டன்ஸையும் அளந்து போட்டுக்கொள்ளும். அது முடிந்த பிறகு இந்த லூப்பைத் தொட வேண்டியதே இல்லை.

அடுத்து இனர்ஷியா விகிதம். இதைப் போடாமல் வேக கெயினைத் திருகுபவர்கள் ஏராளம். பல டிரைவ்களில் வேக கெயின் ஹெர்ட்ஸில் இருக்கும். இனர்ஷியா விகிதம் சரியாக இருந்தால்தான் அந்த ஹெர்ட்ஸுக்குப் பொருள் உண்டு. டிரைவையே முன்னும் பின்னும் ஆட்டி அளக்கச் சொல்லுங்கள். நம் கணக்கில் 3 அருகே வர வேண்டும். 8 என்று வந்தால் எங்கோ எதுவோ பிடிக்கிறது.

பிறகு வேக லூப். இன்டக்ரலை (மிச்சமிருக்கும் பிழையை நேரம் போகப்போகக் கூட்டித் திருத்தும் பகுதி) மெதுவாக வைத்துவிட்டு, கெயினை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஓட்டி நிறுத்திக் காது கொடுங்கள். ஒரு கட்டத்தில் மோட்டார் மெல்ல முனகும். அங்கிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்குங்கள். அப்புறம் இன்டக்ரல் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், நிற்கும்போது தாண்டிப் போய்த் திரும்பினால் ஒரு படி பின்வாங்குங்கள்.

இந்த இடத்தில்தான் ஆபரேட்டர் வந்து கேட்பார்: "ஏனுங்க, மோட்டாரு கூவுதுங்க, கெயினைக் கொறச்சிருலாங்களா?" குறைத்தால் கூவல் நிற்கும், வெட்டும் நீளமும் கெடும். முதலில் பெல்ட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், புல்லி கிளாம்பை இறுக்குங்கள், மோட்டார் தகடு மெல்லிசாக இருந்தால் கீழே ஒரு சட்டம் வெல்டு செய்யுங்கள். அதற்குப் பிறகும் கூவினால் அது ரெசொனன்ஸ், அதாவது மெஷின் தன் இயல்பான அலைவரிசையில் சேர்ந்து அதிர்வது. எந்த ஹெர்ட்ஸில் என்று கண்டுபிடிக்க டிரைவின் சாஃப்ட்வேரில் வசதி இருக்கும், இல்லாவிட்டால் ஒலியின் அலைவரிசையைக் காட்டும் ஃபோன் ஆப் ஒன்றை மோட்டார் பக்கத்தில் பிடித்தாலே 400, 600 என்று கூர்மையாக ஒரு முனை தெரியும். அந்த ஒரு அலைவரிசையை மட்டும் அடக்கும் நாட்ச் ஃபில்டரை அந்த எண்ணில் போடுங்கள். கூவல் அடங்கும், கெயினும் அப்படியே நிற்கும்.

கடைசியாகப் பொசிஷன் லூப். இதன் வேகம் வேக லூப்பில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வேக கெயின் 60 ஹெர்ட்ஸில் நின்றிருந்தால் பொசிஷனுக்கு 15 ஹெர்ட்ஸ். டிரைவ் கேட்பது விநாடிக்கு என்ற அலகில் என்றால் 2 பை-யால் பெருக்கி 94. அதற்குமேல் போட்டால் நிற்கும் இடத்தில் ரோல் முன்னும் பின்னும் ஆடும்.

94 என்றால் உச்ச வேகத்தில் ரோல் கட்டளையைவிட 1,800-ஐ 94-ஆல் வகுத்த அளவு, அதாவது 19 மி.மீ. பின்தங்கியே ஓடும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் மெஷின் நின்ற பிறகுதான் வெட்டுகிறது, ஓட்டத்தில் பின்தங்கினால் என்ன? கடைசியில் சேர்ந்துவிடும். ஓடிக்கொண்டே வெட்டும் மெஷினில் மட்டும் இது நேரடிப் பிழை, அங்கே ஃபீட்ஃபார்வர்டு (பிழை வரும்வரை காத்திராமல் கட்டளையின் வேகத்தை நேராக வேக லூப்புக்குக் கொடுப்பது) 100 சதவீதத்தை ஒட்டிப் போக வேண்டும். நமக்கு 60, 70 சதவீதம் வைத்தால் வந்து சேரும் நேரம் குறையும், அவ்வளவே.

பிளேடை டைமரில் இறக்காதீர்கள். டிரைவிலிருந்து இன்-பொசிஷன் சிக்னல் வரும். 5 பல்ஸ் வரம்பு, அதாவது 0.1 மி.மீ.க்குள் ரோல் வந்ததும் அது ஆன் ஆகும். பிஎல்சி அதைப் பார்த்துத்தான் பிளேடுக்கு உத்தரவு போட வேண்டும். டைமர் வைத்த மெஷினில் வேகத்தை ஏற்றிய அன்றே நீளம் தப்பும்.

டிரைவ் சரி, நீளம் தப்பு

டிஸ்பிளேயில் பொசிஷன் பிழை பூஜ்ஜியம், ஆனால் துண்டுகள் 597, 602, 599 என்று வருகின்றன. டிரைவைத் தொடாதீர்கள். என்கோடர் மோட்டாரின் முதுகில் இருக்கிறது. ரோலுக்கும் எலாஸ்டிக்குக்கும் நடுவே நழுவுவது அதற்குத் தெரியவே தெரியாது.

எலாஸ்டிக் இழுபடும் பொருள் என்பது இரண்டாவது காரணம். பெட்டியிலிருந்து நேராக இழுத்தால் ஒரு சமயம் லேசாக வரும், ஒரு சமயம் சிக்கி இழுவையாக வரும். இழுபட்ட நிலையில் 600 வெட்டினால் சுருங்கி 590 ஆகும். ரோலுக்கு முன்னால் டான்சர் கம்பி (எலாஸ்டிக்கின் தளர்வுக்கேற்ப மேலும் கீழும் ஆடும் கம்பி) வைத்து, அங்கே எலாஸ்டிக் எப்போதும் ஒரே தளர்வில் நிற்கும்படி தனி ஃபீடர் போடுங்கள். வேகத்தின் ஏற்ற இறக்கத்துக்கு எஸ்-கர்வ் (மெல்லத் தொடங்கி மெல்ல முடியும் வடிவம்) கொடுங்கள், ஆரம்பத்தில் வெடுக்கென்று இழுக்காமல் இருந்தால் நழுவலும் குறையும். இத்தனைக்கும் பிறகு போதாவிட்டால் எலாஸ்டிக் மேலேயே ஓடும் சின்ன அளவு சக்கரத்தில் தனி என்கோடர் வைத்து அதை டிரைவின் இரண்டாவது இன்புட்டுக்குக் கொடுக்கலாம்.

ராத்திரி மட்டும் வரும் அலாரம்

பகலில் நன்றாக ஓடும் மெஷின், நைட் ஷிஃப்டில் மட்டும் ஓவர்வோல்டேஜ் காட்டி நிற்கும். இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ரோல் நிற்கும்போது அதன் சுழற்சி ஆற்றல் மோட்டார் வழியாக டிசி பஸ்ஸுக்குத் திரும்புகிறது. நம் மெஷினில் அது ஏறக்குறைய 7 ஜூல். டிரைவின் கப்பாசிட்டர் 680 மைக்ரோஃபேரட், பஸ் 390 வோல்ட் வரை ஏறலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைன் 230 வோல்ட் இருக்கும்போது பஸ் 325-இலிருந்து 390 வரை ஏற 16 ஜூல் பிடிக்கும். 7 ஜூல் தாராளமாக அடங்கும். ராத்திரி பக்கத்து யூனிட்டுகள் நின்று, லைன் 260-க்கு ஏறினால் பஸ் ஆரம்பமே 368. இப்போது இடம் 6 ஜூலுக்கும் குறைவு. உராய்வு கொஞ்சம் தின்றாலும் எல்லை தாண்டும்.

வெளியே ஒரு பிரேக்கிங் ரெசிஸ்டர் போட்டால் தீர்ந்தது. டிரைவ் சொல்லும் ஓமுக்குக் கீழே போகாதீர்கள், போனால் பிரேக் டிரான்சிஸ்டர் கருகும். வாட் கணக்கு எளிது: விநாடிக்கு ஒரு தடவை 7 ஜூல் என்றால் 7 வாட், சூட்டுக்கு இடம் விட்டு 50 வாட் போதும். டிரைவுக்குள்ளேயே ரெசிஸ்டர் இருந்தால் வெளியே போடும்போது உள் இணைப்பின் ஜம்பரைக் கழற்ற மறக்கக் கூடாது.

ஓவர்லோடு அலாரம் சில நிமிடம் ஓடிய பிறகே வருமானால் மெக்கானிக்கல் இறுக்கத்தைப் பாருங்கள். ஆன் செய்ததுமே வந்தால் ஃபேஸ் வரிசையைப் பாருங்கள். என்கோடர் அலாரம் வெல்டிங் மெஷின் ஓடும்போது மட்டும் வந்தால் ஷீல்டுதான்.

ஒப்படைக்கும் முன்

இறக்கி வைத்த டார்க் வரம்பையும் ஓவர்ஸ்பீட் வரம்பையும் மெஷினுக்கு ஏற்ற அளவுக்கு ஏற்றுங்கள். ஃபாலோயிங் எரர் வரம்பை (ரோல் கட்டளையைவிட எவ்வளவு பின்தங்கினால் அலாரம் என்ற எல்லை) பின்தங்கும் அளவைவிடக் கொஞ்சமே கூடுதலாக வையுங்கள், எலாஸ்டிக் சுற்றிக்கொண்டால் மெஷின் உடனே நிற்கும்.

டச் ஸ்கிரீனிலிருந்து ஆர்எஸ்-485 வழியாக டிரைவின் பாராமீட்டரை மாற்றும் ஏற்பாடு இருந்தால், எழுதுவது ஒவ்வொரு தடவையும் நிரந்தர நினைவகத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். அந்தச் சிப்புக்கு எழுதும் ஆயுள் பொதுவாக லட்சம் தடவை என்ற அளவில்தான். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தடவை எழுதினால், விநாடிக்கு ஒரு துண்டு வெட்டும் மெஷினில் அது இரண்டு நாள்கூட வராது. தற்காலிக நினைவகத்துக்கு மட்டும் எழுதும்படி மாற்ற டிரைவில் வழி இருக்கும்.

பாராமீட்டர் முழுவதையும் கம்ப்யூட்டரில் இறக்கி, ஒரு பிரதியை ஓனரின் ஃபோனுக்கும் அனுப்புங்கள். பிரிண்ட் எடுத்து பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். இரண்டு வருடம் கழித்து டிரைவ் மாற்ற வேண்டியிருந்தால், அன்று வரும் ஆள் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

கடைசியாகப் பஞ்சு. பின்னலாடை யூனிட்டின் காற்றில் பறக்கும் தூசு டிரைவின் ஹீட் சிங்க் இடுக்குகளில் கம்பளி மாதிரி படியும். பேனல் ஃபேனுக்கு ஃபில்டர் போடுங்கள், வாரம் ஒருமுறை கழற்றித் தட்டச் சொல்லுங்கள். கம்ப்ரஸர் காற்றை நேராக டிரைவுக்குள் அடிக்க விடாதீர்கள். அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், பஞ்சையும் போர்டுக்குள்ளே தள்ளிவிடும். சப்ளையை நிறுத்தி, 10 நிமிடம் விட்டு, வேக்யூம் கிளீனரால் உறிஞ்சி எடுப்பதே சரி.